கோல்ட்ரேனின் ‘தொலைந்த’ டேப்புகள்: எது புதுசு, எது பழசு, எது ஸ்பீடு மாறியது

2018, 2019, 2021, 2023. இந்த நான்கு ஆண்டுகளிலும் அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் ஜான் கோல்ட்ரேனின் ‘இதுவரை கேட்டிராத’ பதிவு என்று இம்பல்ஸ் ரெக்கார்டு கம்பெனி ஆண்டுக்கொரு தட்டு விட்டது. நான்கையும் ஒரே தராசில் போட்டு, ‘சவுண்டு மட்டம்’ என்று ஒரு கட்சியும் ‘ஆகா, தெய்வீகம்’ என்று இன்னொரு கட்சியுமாக ரசிகர்கள் மல்லுக்கட்டுகிறார்கள். நான்கும் வேறு வேறு ரகம். முதலாவது, முறையான ஸ்டூடியோ ஒலிப்பதிவின் வீட்டுப் பிரதி. இரண்டாவது, ஒரு கனடா படத்துக்காக வாசித்தது. மூன்றாவது, சக கலைஞர் ஒருவர் கிளப்பில் பதிந்து வைத்திருந்தது. நான்காவது, கிளப்பின் புது ஒலி அமைப்பைச் சோதித்துக்கொண்டிருந்த இன்ஜினியர் ஒற்றை மைக்கில் பிடித்தது.

‘தொலைந்தது’ என்ற சொல்லுக்காக மட்டும் காசு கொடுக்கக் கூடாது என்பது என் கட்சி. டேப் யார் கையில் இருந்தது, எத்தனையாவது நகல், சரியான வேகத்தில் ஓடுகிறதா, இதில் நிஜமாகவே எவ்வளவு புதுசு? இவ்வளவும் தெரிந்த பிறகுதான் வாசிப்பைப் பற்றிய பேச்சு.

1963 மார்ச் 6

நியூ ஜெர்சியில் இங்கில்வுட் கிளிஃப்ஸ் என்ற ஊரில் ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோ. பியானோவில் மெக்காய் டைனர், பாஸில் ஜிம்மி கேரிசன், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ். பகலில் பதிந்து முடித்து, ராத்திரி நியூயார்க் பேர்ட்லாண்ட் கிளப்பில் வாசிக்கப் போய்விட்டார்கள். மறுநாள் அதே ஸ்டூடியோவில் பாடகர் ஜானி ஹார்ட்மனோடு ஒரு முழு ஆல்பம். ஹார்ட்மன் ஆல்பம் அந்த ஆண்டே கடைக்கு வந்துவிட்டது. முந்தின நாள் வாசித்தது வெளியே வர 55 ஆண்டு ஆயிற்று: 2018 ஜூன் 29, ‘போத் டைரக்‌ஷன்ஸ் அட் ஒன்ஸ்’.

கம்பெனியிடம் இருந்த மாஸ்டர், அதாவது மூல டேப், இன்று இல்லை. 1970-களின் தொடக்கத்தில் கிடங்குச் செலவை மிச்சம் பிடிக்க அழித்துவிட்டார்கள் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம். மிஞ்சியது, வீட்டில் போட்டுக் கேட்பதற்காக வான் கெல்டர் கோல்ட்ரேனிடம் கொடுத்தனுப்பிய மோனோ (ஒற்றைச் சேனல்) ரீல். அதை அவர் முதல் மனைவி நைமாவிடம் கொடுத்தார். நைமாவின் குடும்பத்தார் காப்பாற்றி வைத்திருந்தார்கள். ‘ஏன் ஸ்டீரியோவில் விடவில்லை’ என்ற கேள்விக்கு இதுதான் பதில். ஸ்டீரியோ வரும் என்று காத்திருந்து பயனில்லை. 2008 ஜூன் 1-ஆம் தேதி யுனிவர்சல் ஸ்டூடியோஸ் தீயில் இம்பல்ஸ் மாஸ்டர்கள் எரிந்துபோயின என்று 2019-இல் வந்த செய்தியையும், இழப்பின் அளவைக் கம்பெனி மறுத்ததையும் இதோடு முடிச்சுப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு கதை. இந்த மாஸ்டரின் கணக்கு அதற்கு முன்பே முடிந்துவிட்டது.

ஒற்றைத் தட்டுப் பதிப்பில் 7 டிராக், இரட்டைத் தட்டில் 14. இரண்டாவதைத்தான் வாங்க வேண்டும். முதல் தட்டு, ‘அன்றைக்கே ஆல்பமாக வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும்’ என்று பின்னால் வந்தவர்கள் யோசித்து அடுக்கிய வரிசை. வேலை நடந்த விதம் தெரிவது, ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்துப் பதிந்த டேக்குகளை ஒட்டவைத்துக் கேட்கும்போதுதான். ஆகவே பிளேலிஸ்ட்டைக் கலைத்துவிட்டு இப்படி அடுக்குங்கள்: ‘விலியா’ 3, 5; ‘இம்ப்ரெஷன்ஸ்’ 1, 2, 3, 4; 11386-இன் 1, 2, 5; ‘ஒன் அப், ஒன் டவுன்’ 1, 6. மீதி மூன்றும், அதாவது 11383, ‘நேச்சர் பாய்’, ‘ஸ்லோ ப்ளூஸ்’ ஆகியவை, ஒவ்வொரு டேக்தான். டேக் எண்கள் நடுவில் விட்டுப்போவதைப் பார்த்து ‘இன்னும் ஒளித்து வைத்திருக்கிறார்கள்’ என்று கிளம்ப வேண்டாம். பாதியில் நின்றது, தொடக்கத்திலேயே தடுக்கியது எல்லாவற்றுக்கும் ஸ்டூடியோவில் ஒரு எண் விழும். எண் இருக்கிறது என்பதால் முழுப் பாட்டு இருக்கிறது என்று ஆகாது.

11383, 11386 என்பவை பாட்டின் பெயர்கள் அல்ல. பதிவேட்டில் விழுந்த மேட்ரிக்ஸ் எண்கள். கோல்ட்ரேன் பெயர் வைக்காமலே விட்ட இரண்டு உருப்படிகள் அவை, இரண்டிலும் சோப்ரானோ, அதாவது உச்ச சுருதிச் சாக்ஸபோன். 11383-இல் கேரிசன் வில்லைப் போட்டு ஒரு சோலோ இழுக்கிறார். இந்தக் குழுவில் அது அபூர்வம், அதற்காகவே அந்த டிராக்கைத் தனியாக ஒருமுறை கேட்கலாம். 11386-இல் ஒவ்வொரு சோலோவுக்கும் இடையே பல்லவிக்குத் திரும்புவதுபோல மூல மெட்டுக்குத் திரும்புகிறார்கள். நம் காதுக்கு அது இயல்பு. இந்த நால்வரிடம் அது வழக்கமில்லை. அவர்கள் மெட்டை முதலிலும் கடைசியிலும் வைத்துவிட்டு நடுவில் தம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருப்பவர்கள். 1, 2, 5 மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டு, அந்தத் திரும்பும் இடங்களில் எல்வின் என்ன செய்கிறார் என்பதை மட்டும் கவனியுங்கள்.

‘நேச்சர் பாய்’ மூன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது, சோலோவே கிடையாது. 1965-இல் இரண்டு பாஸ் வைத்து அவர் திரும்ப எடுத்த பதிவோடு சேர்த்துக் கேட்டால், ஒரே மெட்டு இரண்டு ஆண்டில் எங்கே போயிருக்கிறது என்பது தெரியும்.

இப்போது ‘எவ்வளவு புதுசு’ என்ற கணக்கு. ‘விலியா’ ஐந்தாவது டேக், சோப்ரானோவில் வாசித்தது, ஏற்கெனவே வெளிவந்தது. ‘லைவ் அட் பேர்ட்லாண்ட்’ சிடியில் கூடுதல் பாட்டாகப் பலர் வீட்டில் கிடக்கிறது. இந்த ஒலிப்பதிவிலிருந்து முன்னமே வந்த ஒரே டிராக் அதுதான். மீதி 13-ம் புதுசு. அதில் ‘ஒன் அப், ஒன் டவுன்’ மெட்டு மட்டும் பேர்ட்லாண்டிலிருந்து வந்த ஒரு பூட்லெக் (அனுமதியில்லாமல் சுற்றும் பதிவு) வழியாகத் தெரிந்திருந்தது. ஸ்டூடியோவில் பதிந்தது இது ஒன்றுதான்.

இந்த இடத்தில் எல்லோரும் வழுக்குகிறார்கள். 1963-இன் ‘ஒன் அப், ஒன் டவுன்’ வேறு. 1965-இன் ‘ஒன் டவுன், ஒன் அப்’ வேறு. மெட்டே வேறு. சொல் இடம் மாறியதுதான் அடையாளம். பூட்லெக் தட்டுகளில் இரண்டையும் மாற்றி மாற்றி அச்சடித்திருப்பார்கள். ஃபைலுக்குப் பெயர் வைக்கும் முன் மெட்டைக் கேட்டுவிடுங்கள், பின் அட்டையை நம்ப வேண்டாம்.

ஸ்பீடு

அபூர்வப் பதிவுகளில் அதிகம் கெட்டுப்போயிருப்பது இதுதான். ஆனால் சவுண்டைப் பற்றிப் பத்துப் பத்தி எழுதுகிறவர்கள்கூட இதைத் தொடுவதில்லை.

பதியும்போது மெஷின் மெதுவாக ஓடியிருந்தால், அந்த டேப்பைச் சரியான மெஷினில் போடும்போது பாட்டு வேகமாகும், சுருதியும் ஏறும். எதிர்ப்பக்கமும் அப்படியே. பெரிய ஸ்டூடியோவும் இதற்குத் தப்பவில்லை. கோல்ட்ரேன் வாசித்த, டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் 1959 மார்ச் 2 அன்று பதிந்த மூன்று பாட்டும், அதாவது எல்பியின் முதல் பக்கம் முழுக்க, சுருதி சற்றே ஏறியபடிதான் 1990-களின் தொடக்கம்வரை விற்றது. கூடவே ஓடிய இன்னொரு மெஷினின் டேப்பிலிருந்து பிறகு சரிசெய்தார்கள்.

ஸ்டூடியோவிலேயே இந்தக் கதி என்றால் வீட்டு ரெக்கார்டரைக் கேட்க வேண்டாம். ஃபைவ் ஸ்பாட் கிளப்பில் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க்கோடு கோல்ட்ரேன் வாசித்ததை நைமா சொந்த ரெக்கார்டரில் பிடித்திருந்தார். 1993-இல் ப்ளூ நோட் கம்பெனி அதை வெளியிட்டபோது இரண்டு தப்பு: 1957 என்று நினைத்தார்கள், உண்மையில் 1958 செப்டம்பர்; வேகமும் சரியில்லை. அடுத்த ஆண்டு வந்த மங்க்கின் முழுத்தொகுப்பில் வேகத்தைத் திருத்திவிட்டார்கள். ஆக, பழைய சிடிக் கடையில் 1993 தட்டு மலிவாகக் கிடைத்தால் அட்டைக்காக வாங்கலாம். கேட்பதற்குத் தொகுப்புப் பதிப்பைத் தேடுவது நல்லது.

கணக்கு எளிது. வேகம் 1 சதவீதம் மாறினால் சுருதி சுமார் 17 சென்ட் மாறும் (அரைக் கட்டைக்கு 100 சென்ட்). 6 சதவீதம் மாறினால் அரைக் கட்டை போய்விடும். 3 சதவீதம் வேகமாக ஓடும் டேப்பில் 10 நிமிடப் பாட்டு 9 நிமிடம் 42 நொடியில் முடிந்துவிடும். மெட்டுத் தெரிந்தவருக்கே ‘இன்றைக்குக் கொஞ்சம் சுறுசுறுப்பாக வாசிக்கிறார்’ என்று தோன்றுமே ஒழிய, டேப் மேல் சந்தேகம் வராது. அதனால்தான் அளந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

நல்ல அளவுகோல் கரண்ட் ஹம். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ். பழைய மைக், ஆம்ப்ளிஃபயர் எதிலும் 60, 120, 180-இல் மெல்லிய முனகல் பதிந்திருக்கும். பாட்டு தொடங்குமுன் அல்லது இரண்டு பாட்டுக்கு நடுவே அமைதியான அரை நிமிடத்தை ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் தேர்ந்தெடுத்து, அனலைஸ் மெனுவில் ‘பிளாட் ஸ்பெக்ட்ரம்’ எடுங்கள். சைஸை 65536 வைத்தால், 44.1 கிலோஹெர்ட்ஸ் ஃபைலில் ஒரு படி சுமார் 0.7 ஹெர்ட்ஸ். 60-இல் அந்தத் துல்லியம் போதாது. 180 பக்கம் பாருங்கள், பிசகு மூன்று மடங்காகப் பெருகித் தெரியும். 185.4-இல் ஊசிமுனை நின்றால் அடிப்படை ஹம் 61.8, டேப் 3 சதவீதம் வேகமாக ஓடுகிறது. 60-ஐ 61.8-ஆல் வகுத்தால் 0.971. ஆடாசிட்டியில் வேகத்தை மாற்றும் எஃபெக்டில் அதைக் கொடுங்கள். வேகத்தையும் சுருதியையும் சேர்த்து மாற்றுவதுதான் வேண்டும். சுருதியை மட்டும் மாற்றுவதையோ டெம்போவை மட்டும் மாற்றுவதையோ தொட்டால் சிம்பல் சத்தம் சிதைந்துவிடும், பிசகும் முழுதாகத் தீராது.

இதில் பொறி ஒன்று இருக்கிறது. டிஜிட்டலாக மாற்றிய மெஷினின் ஹம்மும் அதே ஃபைலில் சேர்ந்திருக்கும். அது சரியாக 60-இலோ, ஐரோப்பாவில் மாற்றியிருந்தால் 50-இலோ கல்லாக நிற்கும். ‘60 சரியாக இருக்கிறதே, டேப் ஒழுங்குதான்’ என்று அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. பக்கத்திலேயே இன்னொரு முனை தள்ளி நின்றால் மூலப் பதிவினுடையது அதுதான். நடுவில் இரண்டு மூன்று நகல் ஆகியிருந்தால் முனைகளும் இரண்டு மூன்றாகும். அப்போது கருவியைக் கொண்டுதான் முடிவு செய்ய வேண்டும்.

டெனர் சாக்ஸபோனின் அடிமட்ட ஸ்வரம் ஏ-ஃபிளாட், 103.8 ஹெர்ட்ஸ். சோப்ரானோவுக்கு அதன் இரட்டிப்பு, 207.7. குழாயின் நீளம் அவ்வளவுதான். எவ்வளவு பெரிய வித்வானானாலும் அதற்குக் கீழே ஓர் அரைக் கட்டை இறங்கி நிற்க முடியாது. டெனர் 98 ஹெர்ட்ஸில் தெளிவாக நின்று கார்வை கொடுக்கிறது என்றால் அந்த டேப் மெதுவாக ஓடுகிறது, சந்தேகமே வேண்டாம். டபுள் பாஸின் திறந்த ஈ தந்தி 41.2. பியானோ இருந்தால் எல்லாவற்றையும்விடச் சுலபம். 1963 ‘இம்ப்ரெஷன்ஸ்’ டேக்குகளில் டைனர் வாசிப்பதே இல்லை, மூவர் மட்டும்தான். அந்த மாதிரி இடங்களில் அதே ரீலில் உள்ள பியானோ பாட்டை அளந்து, அந்தத் திருத்தத்தையே ரீல் முழுக்கப் போட வேண்டும்.

நம் ஊர்க் காதுக்கு இன்னொரு குறுக்குவழி. ‘இம்ப்ரெஷன்ஸ்’ முதல் 16 பார் (நாலு அட்சரத் தாள வட்டம்) டி டோரியன், நடு 8 ஈ-ஃபிளாட் டோரியன், கடைசி 8 மறுபடி டி. ஆரோகண அவரோகணமாகப் பார்த்தால் கரகரப்பிரியாவை 2 கட்டையில் பிடித்து, நடுவில் இரண்டரைக்கு ஏறி, திரும்ப 2-க்கு வருகிறார்கள். சுருதிப்பெட்டியை 2 கட்டையில் வைத்துக்கொண்டு பூட்லெக்கைப் போடுங்கள். தொடக்கத்திலேயே ஒட்டாமல் உறுத்தினால் தட்டு தப்பு. நடுவில் எட்டு மட்டும் உறுத்தினால் எல்லாம் சரி, அது அப்படித்தான் இருக்க வேண்டும்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. கிளப் பியானோக்கள் 440 ஹெர்ட்ஸ் பொதுச் சுருதிக்கு நூல் பிடித்தாற்போல் இருந்ததில்லை. 10 சென்ட் வித்தியாசத்துக்கெல்லாம் திருத்தக் கிளம்பினால் நீங்கள் டேப்பைத் திருத்தவில்லை, பியானோவைத் திருத்துகிறீர்கள். அதேபோல, ரீலின் தொடக்கத்தில் ஒருமுறை, கடைசியில் ஒருமுறை அளந்து பாருங்கள். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் மெஷின் போகப்போகத் தளர்ந்திருக்கிறது என்று பொருள். ஒரே எண்ணைப் போட்டு முழுவதையும் திருத்தினால் பாதி சரியாகும், பாதி இன்னும் மோசமாகும்.

கிளப் டேப்புகள்

2023-இல் வந்த ‘ஈவினிங்ஸ் அட் த வில்லேஜ் கேட்’, 1961 ஆகஸ்ட் வாசிப்பு. இன்ஜினியர் ரிச்சர்ட் ஆல்டர்சன் ஒரே ஒரு ரிப்பன் மைக்கில் பதிந்தார். ரீல் பின்னால் நியூயார்க் பொது நூலகத்தின் நிகழ்கலைப் பிரிவில் கிடந்து கண்டெடுக்கப்பட்டது. ஒற்றை மைக் என்றால் பின்னால் கலந்து சரிசெய்ய எதுவும் கிடையாது. ஊதுகிறவர் மைக் முன்னால் நின்றால் கேட்கும், நகர்ந்தால் தூரப் போவார். ‘பாஸைக் கொஞ்சம் தூக்கியிருக்கலாமே’ என்று குறை சொல்கிறவர்கள், பாஸை மட்டும் தூக்க அங்கே தனி டிராக் இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். ஈக்வலைசரில் அடித்தளத்தைத் தூக்கினால் எல்வினின் பெரிய டிரம்மும் கூடவே எழுந்து மேலே விழும்.

சாக்ஸபோன், புல்லாங்குழல் கலைஞர் எரிக் டால்ஃபி கூட இருக்கிறார் என்பதே வாங்கப் போதுமான காரணம். இதே ஆட்களை வைத்து மூன்று மாதம் கழித்து, 1961 நவம்பரில் வில்லேஜ் வான்கார்டில் வான் கெல்டர் நான்கு ராத்திரி முறையாகப் பதிந்தார். அது 1997-இல் நான்கு சிடித் தொகுப்பாக முழுதும் வந்துவிட்டது. ஆகஸ்ட் டேப்பில் ‘இம்ப்ரெஷன்ஸ்’ கேட்டுவிட்டு நவம்பரைக் கேட்டால், ஒரு குழு மூன்று மாதத்தில் எதை உதறியது என்பது காதில் விழும். 20 நிமிடத்துக்கு மேல் ஓடும் ‘ஆஃப்ரிகா’தான் இந்தத் தட்டின் பொக்கிஷம். ஸ்டூடியோவில் பெரிய பித்தளைக் கோஷ்டியோடு எடுத்த உருப்படியை மேடையில் ரெஜி வொர்க்மன், ஆர்ட் டேவிஸ் என்ற இரண்டு பாஸ்காரர்கள் தாங்கிப்பிடிக்கிறார்கள். அந்தப் பாட்டுக்கு வேறு மேடைப் பதிவு வெளிவந்ததில்லை.

2021 தட்டு, கோல்ட்ரேனின் நான்கு பகுதிப் படைப்பான ‘எ லவ் சுப்ரீம்’, சியாட்டில் வாசிப்பு: 1965 அக்டோபர் 2, பென்ட்ஹவுஸ் கிளப். பதிந்தவர் சாக்ஸபோன் கலைஞரும் ஆசிரியருமான ஜோ பிரேசில். அவர் 2008-இல் காலமான பிறகுதான் அவருடைய ரீல்களுக்கு நடுவிலிருந்து இது வெளியே வந்தது. அதுவரை நான்கு பகுதியும் மேடையில் வாசித்ததற்குத் தட்டாக இருந்தது 1965 ஜூலை 26, பிரான்சின் ஆந்தீப் விழா மட்டுமே. சியாட்டிலில் ஃபேரோ சாண்டர்ஸ், ஆல்ட்டோவில் கார்லோஸ் வார்ட், இரண்டாவது பாஸில் டொனால்ட் காரெட் என்று கூட்டம் பெருத்து, 33 நிமிட ஸ்டூடியோப் படைப்பு 75 நிமிடமாக நீள்கிறது. டிரம்ஸ் முன்னால் அறைகிறது, கோல்ட்ரேன் பின்னால் நிற்கிறார். மைக் இருந்த இடம் அப்படி. மாஸ்டரிங் செய்தவரைத் திட்டிப் புண்ணியமில்லை. ஸ்பீக்கரில் கேளுங்கள், ஹெட்ஃபோனில் எல்வினின் சிம்பல் முதல் கால் மணியிலேயே காதை அடைத்துவிடும்.

ரேடியோ டேப்புகளின் சிக்கல் வேறு. 1965-இல் ஹாஃப் நோட் கிளப்பிலிருந்து டபிள்யூஏபிசி எஃப்எம் நேரடியாக ஒலிபரப்பியதைப் பலர் வீட்டில் பதிந்து, நகலுக்கு நகல் எடுத்துப் பல பத்தாண்டு கைமாற்றினார்கள். மார்ச் 26, மே 7 இரண்டு ராத்திரிகள் 2005-இல்தான் முறையாக இரண்டு சிடியில் வந்தன. அறிவிப்பாளர் குரல் பாட்டின் மேலே ஏறும். அதை வெட்டிவிட்டு ‘சுத்தமான’ நகல் என்று சுற்றுவதைத் தொடாதீர்கள். குரலோடு சேர்ந்து வாசிப்பும் போயிருக்கும்.

2005-லேயே வந்த கார்னகி ஹால் டேப்பைப் பற்றி நீட்டி எழுத எதுவுமில்லை, ஏனென்றால் அதில் கோளாறே இல்லை. 1957 நவம்பர் 29, மங்க்கோடு கோல்ட்ரேன். வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா முறையாகப் பதிந்து, ஒலிபரப்பாமலே அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. டிஜிட்டலாக மாற்றும்போது நூலகத்தின் லேரி ஆப்பிள்பாம் கண்ணில் பட்டது. ஒரு பெட்டியில் ‘டி. மங்க்’ என்று எழுதியிருந்தது. அபூர்வப் பதிவு எதையுமே கேட்காதவருக்கு முதலில் கொடுக்க வேண்டியது இதைத்தான்.

கையில் ரீலே கிடைத்தால்

ஏலத்திலோ பழைய சாமானிலோ கால் அங்குல ரீல் கிடைத்தால் உடனே மெஷினில் மாட்டாதீர்கள். முதலில் ரீலைப் பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். சுற்றின் ஊடே வெளிச்சம் கசிந்தால் அசிடேட். கசியாமல் கருப்பாக நின்றால் பாலியெஸ்டர். 1950-களின் டேப்புகளில் பெரும்பாலும் அசிடேட்தான். காய்ந்து முறுகியிருக்கும், இழுத்தால் பட்டென்று அறும். அது நல்லதுதான், நீளாமல் அறுவதால் ஒட்டிவிடலாம். பாலியெஸ்டர் அறுவதற்கு முன் நீளும், நீண்ட இடத்தில் பாட்டு போனது போனதுதான். புளிக்காடி வாடை அடித்தால் அசிடேட் அழுகத் தொடங்கிவிட்டது. மற்ற ரீல்களிலிருந்து பிரித்து வைத்து, முதலில் அதைத்தான் நகலெடுக்க வேண்டும்.

டேப்பை அடுப்பில் வைத்துச் சூடேற்றும் வைத்தியத்தை யாராவது சொன்னால், எந்த டேப்புக்கு என்று திருப்பிக் கேளுங்கள். அது 1970, 80-களில் பசை ஈரம் குடித்துப் பிசுபிசுக்கும் பாலியெஸ்டர் டேப்புகளுக்கான வைத்தியம். அசிடேட்டைச் சூடாக்கினால் சுருண்டு பாழாகும். கோல்ட்ரேன் காலத்து ரீலுக்கு அடுப்பு ஆகவே ஆகாது.

பழைய ஒட்டுகளின் பசை காய்ந்திருக்கும், முதல் ஓட்டத்திலேயே பிரியும். வேகமாகச் சுற்றாமல் ஓடும் வேகத்திலேயே ஒருமுறை சுற்றி, பிரிகிற ஒட்டை எல்லாம் மாற்றிவிட்டு அப்புறம் பதியுங்கள். 7 அங்குல ரீலில் 1200 அடி டேப், நொடிக்கு ஏழரை அங்குல வேகத்தில், 32 நிமிடம். மெல்லிய 1800 அடி டேப் என்றால் 48 நிமிடம். பெட்டியில் ‘முழுக் கச்சேரி, ஒரு பக்கம்’ என்று எழுதி உள்ளே 1200 அடி இருந்தால், ஒன்று வேகத்தைக் குறைத்துப் பதிந்திருக்கிறார்கள், இல்லை கச்சேரி முழுதாக இல்லை.

ஹெட்டின் சாய்வை, அதாவது அசிமத்தை, ஒவ்வொரு ரீலுக்கும் புதிதாகச் சரிசெய்ய வேண்டும். மோனோ டேப்பை ஸ்டீரியோ மெஷினில் ஓட்டும்போது இதற்கு அருமையான வழி உண்டு. ஒரு சேனலின் ஒலி அலையை (ஃபேஸ்) தலைகீழாக்கி இரண்டையும் கூட்டுங்கள். ஹெட் நேராக வரவர சத்தம் தேய்ந்துகொண்டே போகும். மிகக் குறைவாகக் கேட்கும் இடம்தான் சரியான இடம். இதைச் செய்யாமல் இரண்டு சேனலையும் கூட்டி மோனோ ஆக்கினால் சிம்பல் தகரம் போர்வைக்குள் ஒலிப்பதுபோல் ஆகிவிடும். சுற்றி வரும் பூட்லெக்குகளில் பாதியின் ‘மட்டமான சவுண்டு’ இதுதான், டேப்பின் குற்றமில்லை. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில், எதையும் தொடாமல் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு உங்கள் கைவரிசையைக் காட்டுங்கள்.

இரைச்சல் நீக்குவதில் கைவரிசை ரொம்பவே கூடிவிடுகிறது. சோதிக்க வழி, பாட்டு முடியும் இடம். எல்வினின் சிம்பல் கரைந்துகொண்டே போய் இரைச்சலுக்குள் மறைய வேண்டும். தண்ணீருக்கடியில் கலகலப்பதுபோல் நெளிந்தாலோ, கத்தரித்தாற்போல் நின்றாலோ அந்த நகலை விட்டுவிட்டு வேறு தேடுங்கள். இரைச்சல் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும்.

‘ஹை-ரெஸ்’ என்று கைமாறும் ஃபைல்களில் எம்பி3-ஐ ஃப்ளாக் (இழப்பில்லாத ஒலி ஃபைல்) ஆக்கி விட்டவை ஏராளம். ஸ்பெக்ட்ரோகிராமில் 16 கிலோஹெர்ட்ஸில் சுவர் வைத்தாற்போல் வெட்டு விழுந்திருந்தால் சந்தேகப்படலாம். ஆனால் பழைய டேப்பிலேயே 12, 13-க்கு மேல் பெரிதாக எதுவும் இருக்காது, எஃப்எம் ஒலிபரப்பு 15-உடன் முடிந்துவிடும். மேலே காலியாக இருப்பது குற்றமில்லை. டேப் சரிவாக இறங்கும், எம்பி3 செங்குத்தாக வெட்டும்; சரிவா சுவரா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

மீதி இருப்பவை

2019-இன் ‘ப்ளூ வேர்ல்ட்’, கியூபெக் இயக்குநர் ஜில் க்ரூவின் படத்துக்காக 1964 ஜூன் 24 அன்று வான் கெல்டர் ஸ்டூடியோவில் வாசித்தது. படத்தில் சுமார் 10 நிமிடம்தான் பயன்பட்டது. தட்டில் 37 நிமிடம். எல்லாம் பழைய மெட்டுகளே, ஒன்றுக்கு மட்டும் பெயர் புதுசு: ‘ப்ளூ வேர்ல்ட்’ என்பதே ‘அவுட் ஆஃப் திஸ் வேர்ல்ட்’ பாட்டின் சாயல். ‘வில்லேஜ் ப்ளூஸ்’ மூன்று டேக் 2, 1, 3 என்று வரிசை மாறிக் கிடக்கிறது. 1, 2, 3 என்று திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு புதுத் தட்டுகளில் சவுண்டு சுகமாக இருப்பது இதில்தான், சூடு குறைவாக இருப்பதும் இதில்தான்.

1966 நவம்பர் 11 ஃபிலடெல்ஃபியா டெம்பிள் பல்கலைக்கழகக் கச்சேரி 2014-இல் முழுதாக வந்தது. கோல்ட்ரேன் சாக்ஸபோனை இறக்கிவிட்டு நெஞ்சில் தட்டிக்கொண்டே குரலெடுக்கும் இடம் அதில் இருக்கிறது. பாஸ் கேட்காது, கேட்கும் என்று ஒலியைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் வைக்க வேண்டியது 1967 ஏப்ரல் 23, ஹார்லெமில் ஒலாட்டுஞ்சி மையத்தில் பதிந்தது. 2001-இல் வெளிவந்தது. இறப்பதற்கு மூன்று மாதம்கூட இல்லாத நேரம். ‘ஒகுண்டே’, ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ என்று இரண்டே உருப்படி, ஒவ்வொன்றும் அரை மணிக் கணக்கில். மைக் தாங்காமல் ஒலி முழுக்கக் கிழிந்திருக்கிறது. எந்த மென்பொருளும் அந்தக் கிழிசலைத் தைக்காது. ஈக்வலைசரில் 3 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு 4 டெசிபல் இறக்கி, வழக்கமான வால்யூமில் பாதியில் தொடங்குங்கள். ‘மை ஃபேவரிட் திங்ஸ்’ தொடக்கத்தில் பாஸ் தனியாக நெடுநேரம் போகும். அதைக் கேட்டு வால்யூமைக் கூட்டிவிட்டால், சாக்ஸபோன் உள்ளே வரும்போது ஸ்பீக்கருக்கு நீங்கள்தான் பொறுப்பு.